கரண்ட் போனா போனும் போச்சு!

"வைஃபை பெட்டியிலேயே வீட்டு போனையும் சொருகிக்கலாம் அண்ணாச்சி, கால் எல்லாம் ஃப்ரீ!" ஃபைபர் இணைப்பு விற்க வருகிறவர் சொல்வது இவ்வளவுதான். சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு.

பழைய செம்புக் கம்பி போனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வந்தது, 48 வோல்ட். ஊரே இருட்டில் கிடந்தாலும் ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்கும். (எக்ஸ்சேஞ்சே மூழ்கினால் அதுவும் அம்போதான், அது வேறு கதை.) புதிய பெட்டியோ வீட்டுப் பிளக்கை நம்பி இருக்கிறது. கரண்ட் போன நொடியே போனும் செத்துவிடும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் சாகுபுரத்தை ஒட்டிய காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. மின்சாரம் போயிற்று, செல்போன் சிக்னலும் போயிற்று. மாடியில் மாட்டிக்கொண்டவனுக்கு அந்த இரவில் 'ஃப்ரீ கால்' எதற்கு?

அமெரிக்காவில் 2015-லேயே விதி போட்டார்கள்: இப்படி இணைப்பு தருகிறவர், கேட்கிற வாடிக்கையாளருக்கு 8 மணி நேர பேட்டரியை விலைக்காவது தர வேண்டும் என்று. 2025 வரை அந்த விதி நடப்பில் இருந்தது. இங்கே? ஃபைபருக்குப் பெரும்பாலும் நடுவழியில் கரண்டே தேவையில்லை, இரண்டு முனையிலும் இருந்தால் போதும். ஒரு முனையைக் கம்பெனி ஜெனரேட்டர் வைத்துக் காக்கிறது. மறுமுனைக்கு ஒரு குட்டி யுபிஎஸ் கொடுக்க மட்டும் கை வரவில்லையா? கடையில் கிடைக்கிற சாமான்தானே!

அடுத்த முறை பெட்டி மாட்ட ஆள் வந்தால், ஸ்பீடு எவ்வளவு என்று கேட்கும் முன் பேட்டரி எங்கே என்று கேளுங்கள்.