எழுபது வளைவுக்கு அப்புறம்



தை பிறந்ததும் கொல்லிமலைக்குச் சைக்கிளில் போவோம், வருகிறவர்கள் வரலாம் என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: “அந்த எழுபது கொண்டை ஊசி வளைவையும் ஏறிவிட முடியுமா?”

முடியும். காரவள்ளி அடிவாரத்திலிருந்து செம்மேடு வரை ஏறத்தாழ 25 கிலோமீட்டர். ஏறும் உயரம் 1,000 மீட்டரை ஒட்டி வரும். சராசரியாக 100 மீட்டர் போனால் 4 மீட்டர் உயரம். வளைவுகளில் மட்டும் இதைவிடச் செங்குத்து. சைக்கிளின் முன்பல் சக்கரத்திலும் பின்பல் சக்கரத்திலும் சம எண்ணிக்கையில் பற்கள் இருக்கும்படி கியரை வைத்துக்கொண்டு, நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஏழரைக் கிலோமீட்டர் வேகம் கிடைக்கும். உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, கீழே தெரியும் வயல்களைப் பார்த்துக்கொண்டு போனாலும் நான்கு மணி நேரம். காலை ஆறு மணிக்குக் கிளம்புகிறவர் பத்து மணிக்குச் செம்மேட்டில் இட்லி சாப்பிடலாம். வளைவுகளுக்கு எண் போட்டிருப்பதால் எத்தனை மிச்சம் என்பதும் தெரிந்துகொண்டே இருக்கும். குரங்குகளைத்தான் கவனிக்க வேண்டும். ஹேண்டில் பாரில் தொங்கும் பையில் வாழைப்பழம் இருப்பது அவற்றுக்கு எப்படித்தான் தெரியுமோ!

எனக்குக் கவலை மேலே போன பிறகுதான். ‘மலை உச்சி’ என்றதும் ஏதோ மொட்டை மாடி போலச் சமதளம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். கொல்லிமலையின் மேற்பரப்பு முழுக்க மேடும் பள்ளமும். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேளூர் நாடு, குண்டூர் நாடு என்று ஊராட்சிகள் எல்லாம் நாடுகளாகவே இருக்கின்றன. ஒரு நாட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் ஓடைக்கு இறங்கி, நெல் வயலைத் தாண்டி, அடுத்த சரிவில் மறுபடி ஏற வேண்டும். ஒவ்வொன்றும் நூறு, நூற்றைம்பது மீட்டர்தான். ஆனால் எண் போட்ட பலகை இல்லை, ஏற்றம் எங்கே முடிகிறது என்றும் தெரியாது. மலைப்பாதையை உற்சாகமாக ஏறி முடித்தவர்கள் சாயங்காலம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவது இந்தச் சின்ன ஏற்றங்களில்தான்.

இதோடு தரையும் மாறும். பெரிய சாலையில் தார். ஊர்களுக்குள் சிமெண்ட் சாலை. சரிவில் சிமெண்ட் போட்டிருந்தால் அது பெரும்பாலும் மிகச் செங்குத்தான இடம் என்று வைத்துக்கொள்ளலாம். ஊர் தாண்டினால் ஜல்லி பெயர்ந்த கப்பி ரோடு, அதற்கப்புறம் செம்மண். தாரில் மணிக்கு 15 கிலோமீட்டர் போகிறவர் பெயர்ந்த ஜல்லியில் 7 போனால் அதிகம். ஆகவே 40 கிலோமீட்டர், 50 கிலோமீட்டர் என்று யாராவது திட்டம் எழுதி அனுப்பினால் நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன். எத்தனை மணி நேரம், அதில் மண் எவ்வளவு, இருட்டுவதற்குள் தார்ச் சாலைக்கு வந்து சேர்வோமா என்பதே எனக்கு வேண்டும்.

மண் எவ்வளவு என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? செல்போன் வரைபடம் கோட்டைக் காட்டும், கோட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று சொல்லாது. செயற்கைக்கோள் படத்தில் சிவப்பாகத் தெரிந்த பாதைக்கு இந்நேரம் தார் போட்டிருக்கலாம், கறுப்பாகத் தெரிந்தது அடித்துப் போயிருக்கலாம். ஊர்க்காரர்களைக் கேட்பதுதான் வழி. அதிலும் “ரோடு எப்படி இருக்கு?” என்று கேட்காதீர்கள். “நல்லா இருக்குங்க” என்றுதான் பதில் வரும். தினமும் அதில் சுமையோடு நடக்கிறவருக்கு அது நல்ல ரோடுதான். “மழை பேஞ்சா பைக் ஏறுமா? பலாப்பழ வண்டி எது வரைக்கும் வரும்?” என்று கேளுங்கள். அதைவிடத் துல்லியமான தகவல் எந்த வரைபடத்திலும் இல்லை.

மண் பாதை வேண்டும் என்று ஆசைப்படுகிற நாம் ஒன்றை மறக்கக் கூடாது. நமக்குச் சுகமாக இருக்கிற அந்தப் பாதையில்தான் அங்குள்ளவர்கள் மிளகு மூட்டையையும் பிரசவ வலி கண்ட பெண்ணையும் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. ஒரு செம்மண் பாதைக்குத் தார் போட்டுவிட்டார்கள் என்று வருத்தப்பட்டு ஒரு நண்பர் எழுதியிருந்தார். அந்த வருத்தத்தில் எனக்குப் பங்கில்லை.

காட்டுக்குள் போகிற தடங்கள் வேறு விஷயம். காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைய முடியாது, நுழையவும் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணியில் நடந்த காட்டுத் தீ விபத்துக்குப் பிறகு கட்டுப்பாடு இறுகியிருக்கிறது, சரியாகவே. மாசி, பங்குனியில் புல் காய்ந்து கிடக்கும். அப்போது போகும் பேச்சே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் மழை. நனைந்த செம்மண் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே அடைத்துக்கொண்டு சக்கரத்தையே நிறுத்திவிடும். ஆடிப் பதினெட்டை ஒட்டி வல்வில் ஓரி விழா. மலைப்பாதை முழுக்க வண்டிகள். எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் எனக்குத் தை மாதம்தான் மிஞ்சுகிறது.

சைக்கிளைப் பற்றியும் நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். விலை எனக்கு முக்கியமில்லை. டயர் 38 மில்லிமீட்டருக்குக் குறையாத அகலமாக இருக்கட்டும். தாரில் ஓட்டிய அதே காற்றழுத்தத்தோடு ஜல்லியில் இறங்காமல் கொஞ்சம் காற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள், கையும் முதுகும் நன்றி சொல்லும். மெல்லிய பிரெஸ்டா வால்வு உள்ள ட்யூப் என்றால் அதற்கான பித்தளை அடாப்டரைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ச் சைக்கிள் கடையில் உள்ள பம்ப் பிரெஸ்டாவுக்கு நேரடியாகப் பொருந்தாமல் போகலாம். அப்போது அடாப்டர் இல்லாவிட்டால், கடைக்காரர் மனசு வைத்தாலும் காற்று ஏறாது.

ஆகாய கங்கை அருவியைப் பார்க்காமல் வருவதா என்று கேட்பீர்கள். பாருங்கள். ஆனால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி ஏறிய தொடையோடு அன்றைக்குச் சைக்கிள் ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். அறப்பளீசுவரர் கோயிலுக்குப் பக்கத்தில்தான் அந்தப் படிகள் தொடங்குகின்றன. அருவிக்குப் போகிறவர்கள் அந்த நாளை அதற்கே கொடுத்துவிடுங்கள்.

இறக்கத்தைப் பற்றி யாருமே கேட்கவில்லை. எழுபது வளைவிலும் பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் ரிம் சூடேறி ட்யூப் வெடிக்கலாம். நேர்ப்பாதையில் விட்டு, வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்து, மறுபடி விட வேண்டும். பத்துப் பன்னிரண்டு வளைவுக்கு ஒரு தடவை நின்று ரிம் ஆறட்டும், விரலும் ஆறட்டும். மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை. அரசுப் பேருந்து திரும்பும்போது வளைவு முழுவதும் அதற்கே வேண்டும். மேலேயே நின்று வழிவிடுங்கள்.

ஆக, முதல் நாள் காரவள்ளி ஏற்றம், இரவு செம்மேட்டில் தங்கல், மூன்றாம் நாள் காலை இறக்கம் என்பது வரை உறுதி. ராசிபுரம் பக்கம் முள்ளுக்குறிச்சி வழியாக இறங்கலாமா என்றும் ஒரு யோசனை இருக்கிறது. இரண்டாம் நாள் சுற்றுதான் இன்னும் காலியாக இருக்கிறது. குண்டூர் நாட்டிலோ சேளூர் நாட்டிலோ உறவோ வேலையோ உள்ள வாசகர்கள் யாராவது, எந்தப் பாதையில் எது வரை தார் இருக்கிறது, எந்த ஓடைக்குப் பாலம் இல்லை, மதியச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று ஒரு கடிதம் போடுங்கள். மார்கழி முதல் வாரத்துக்குள் வந்தால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்