தேடுபொறிக்கு மதிப்பெண் இடுவது யார்?

தேர்வு என்றாலே நமக்கு நடுக்கம். நாள்தோறும் நாம் கேள்வி கேட்கும் தேடுபொறிக்குத் தேர்வு வைப்பவர் யாரென்று எண்ணிப் பார்த்ததுண்டா, தோழர்களே?

சென்ற விடுமுறையில் என் தாயார் கேட்டார்: "நம்மூருப் பசங்க பல்லு ஏன் இப்படிப் பழுப்பா இருக்கு? படிக்கிற புள்ளதானே, பார்த்துச் சொல்லு." அவர் சொன்னபடியே கைப்பேசியில் தட்டினேன். எலுமிச்சை, உப்பு, பற்பசை விளம்பரம் இவைதாம் வந்தன. நம் தருமபுரி மாவட்ட நிலத்தடி நீரிலுள்ள புளோரைடைப் பற்றி முதல் பக்கத்தில் ஒரு வரி இல்லை. ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தானே! பின்னர் 'புளோரைடு' என்று தட்டினேன், வேண்டியது வந்தது. 'ஃப்ளூரைடு' என்றால் வேறொரு பட்டியல். வேதியியல் படித்தவனுக்குக் கிடைக்கும் விடை என் தாயாருக்குக் கிடைக்கவில்லை.

இதை அளக்க இரண்டு அளவுகோல்கள் உண்டு. வந்த பத்தில் நான்கு பயன்பட்டால் துல்லியம் 40 விழுக்காடு. பயன்படக்கூடியவை மொத்தம் 20 இருந்து, நான்கே வந்திருந்தால் மீட்பு 20 விழுக்காடு. முதலாவதை நாமே கணக்கிடலாம். இரண்டாவதுதான் வம்பு, விடுபட்டது கண்ணில் படுவதே இல்லையே! ஆகவே ஒரு தொகுப்பை மனிதர் முன்கூட்டியே படித்து, எந்தக் கேள்விக்கு எது பொருந்தும் எனக் குறித்து வைத்துச் சோதிக்கிறார்கள்.

இவ்வகைச் சோதனைக்கு முன்னோடி, இங்கிலாந்தில் கிரான்ஃபீல்டு வானூர்திக் கல்லூரி நூலகர் சிரில் கிளெவர்டன். 1950களின் இறுதியில் தொடங்கிய முதற் சோதனையில் 18,000 ஆவணங்களை நான்கு முறைகளில் அட்டவணைப்படுத்தினார். அவற்றுள் ஒன்று, சீர்காழியில் பிறந்த நம் எஸ்.ஆர். இரங்கநாதனின் கருத்துவழி வந்த பகுப்புமுறை என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. ஆனால் கேள்விகளை அந்த ஆவணங்களைப் பார்த்தே தயாரித்தார்கள் என்று குறை எழுந்தது. உரைநூலைப் பார்த்து வினாத்தாள் எடுப்பது போல!

என் வாதமும் இதுவே. ஆவணத்தின் சொல்லில் கேட்டால் எந்தப் பொறியும் தேறிவிடும். கேழ்வரகு என்று எழுதுவோரும் ராகி என்போரும் கேட்கும் விதத்தில் கேட்டுப் பார்க்க வேண்டும். நம் நூலகத்தில் ஒரு நோட்டு வைத்து, வீட்டுப் பெரியவர்களின் கேள்விகளை அவர்கள் சொல்லிலேயே எழுதுவோம். பொருந்தும் விடை எதுவென விரிவுரையாளர்கள் குறித்துத் தரட்டும்.

இதைச் சொன்னபோது விடுதி நண்பன் சிரித்தான். மறுநாள் அவனே முதல் கேள்வியைக் கொண்டுவந்தான்: "மழைத்தழை தின்ன ஆட்டுக்கு வயிறு ஏன் உப்புது?"