நெருப்பு மேலேதான் போகுமா?

பருத்தி எடுத்து ஓய்ந்ததும் பெரம்பலூர்ப் பக்கத்தில் மாரைப் பிடுங்கி, கட்டுக்கட்டாக வீட்டோரம் அடுக்கிவிடுவார்கள். மக்காச்சோளத் தட்டையும் அங்கேதான். அரியலூர்ப் பக்கம் போனால் முந்திரி விறகும் சருகும். கூரைவீட்டு இறவாரத்துக்கும் அந்தப் போருக்கும் நடுவில் ஓர் ஆள் நுழைய இடம் இருக்காது. பற்றிக்கொண்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "நெருப்பு மேலதாங்க போகும், பக்கத்துல எப்படி வரும்?" என்பார்கள்.

மேடைப் பேச்சாளர்களும் இதற்கு எண்ணெய் ஊற்றுகிறார்கள். தீப்பந்தத்தைக் கவிழ்த்துப் பிடித்தாலும் சுடர் மேல்நோக்கியே எழும், உயர்ந்தோர் குணமும் அப்படித்தான் என்று முழங்கினால் கைதட்டல் நிச்சயம். ஆனால் மேலே போவது நெருப்பின் குணமே அல்ல. சுட்ட காற்று விரிந்து லேசாகிறது. சுற்றியுள்ள கனமான காற்று அடியில் புகுந்து அதை மேலே தள்ளுகிறது. அந்தக் கனம் புவியீர்ப்பு கொடுத்தது. எடை தெரியாத விண்வெளி ஓடத்தில் மெழுகுவத்தி ஏற்றிப் பார்த்தார்கள். சுடர் நீளவே இல்லை. திரியைச் சுற்றிச் சின்ன நீல உருண்டையாக நின்றது. குணம் என்றால் அங்கே ஏன் மாறியது?

சுடரை விடுங்கள், அனலுக்கு மேலும் கிடையாது, கீழும் கிடையாது. போர் எரியும்போது பத்தடி தள்ளி நின்றாலும் முகம் காந்துகிறதே, அது மேலே போன நெருப்பா? அந்த அனல்தான் எதிர்வீட்டுக் கீற்றை முறுமுறுவென்று காயவைத்து, புகையவும் வைக்கிறது. பிறகு காற்றில் பறந்துவரும் எரிதுணுக்கு ஒன்று போதும்.

மேலே போகிற அனல்காற்றும் கூரை தடுத்தால் பக்கவாட்டில்தான் படரும். கூரையே எரிந்தால் நெருப்பு கீழே வரும். கொள்ளிடத்துக்குத் தெற்கே கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று நடந்தது இதுதான். பள்ளிச் சமையலறைக் கீற்றில் பிடித்த தீ வகுப்பறைக் கூரைக்குத் தாவியது. எரியும் கீற்றும் மூங்கிலும் பிள்ளைகள் தலைமேல் விழுந்தன. 94 குழந்தைகள். அதே ஆண்டு ஜனவரி 23-இல் ஸ்ரீரங்கம் கல்யாண மண்டபத்தில் பந்தல் கீற்று பற்றிக்கொண்டு நாற்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பள்ளிகளில் கீற்றுக் கூரையை அகற்ற அரசு உத்தரவு போட்டது. வீட்டோரப் போரைப் பத்து முழம் தள்ளிப் போடவும் அரசாணை வர வேண்டுமா?

நெருப்பு மேலே ஏறும் என்பதை நினைவில் வைக்கவேண்டிய வேளை ஒன்று உண்டு. அடுப்படியில் முந்தானை பற்றினால், நிற்கிற உடம்பில் தீ ஒவ்வொரு மடிப்பாக மேல்துணியைச் சூடேற்றிக்கொண்டே நெஞ்சுக்கும் முகத்துக்கும் ஏறும். ஓடினால் காற்று சேர்ந்து இன்னும் வளரும். உடனே தரையில் படுத்துப் புரண்டால் அந்த ஏற்றம் நிற்கும். அந்த நேரம் பார்த்துத்தான் நம் ஜனங்களுக்கு இது மறந்துபோகிறது. எழுந்து வாசலைப் பார்த்து ஓடுகிறார்கள்.