ஆயக்கட்டு இல்லாத ஏரி

சண்டீகரில் சுக்னா ஏரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மாலை ஐந்து மணி. நண்பர் வங்கி அதிகாரி. மாற்றலாகி வந்து ஏழு வருடமாகிறது. ஞாயிற்றுக்கிழமை வந்த விருந்தாளியை அந்த ஊரில் வேறெங்கு அழைத்துப் போவது? அவருடைய எட்டு வயது மகள் வழியெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தாள். "மாமா, இவ்வளவு தண்ணி இருக்கே, ஏன் நீந்த விட மாட்டேங்கறாங்க?" கரையில் இருந்த எச்சரிக்கைப் பலகையைக் காட்டினேன். அது பதில் அல்ல என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது.

நீந்தக் கூடாது. மீன்துறையின் அனுமதிச் சீட்டு இருந்தால், ஒதுக்கப்பட்ட இடத்தில் உட்கார்ந்து தூண்டில் போடலாம். படகுக்கு மட்டும் தாராளம். பந்தயத் துடுப்புப் படகுகளுக்குப் பேர்போன நீர் இது. 1989இல் ஆசியப் போட்டியே இங்கு நடந்திருக்கிறது. எங்களுக்கு வாய்த்தது காலால் மிதிக்கிற படகு. மூன்றாவது நிமிடத்திலேயே என் முழங்கால் வயதைச் சொல்லிவிட்டது.

ஏரி என்றதும் நம் ஊர்க்காரன் மனதில் ஒரு கணக்கு ஓடும். எத்தனை மதகு, எத்தனை ஏக்கர் பாசனம், கலங்கல் எந்தப் பக்கம்? சுக்னாவிடம் அந்தக் கணக்கு செல்லாது. ஒரு மழைக்கால ஓடையை 1958இல் கரை போட்டு மறித்து, ஜனங்கள் காற்று வாங்குவதற்கென்றே உண்டாக்கிய சுமார் 3 சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பு இது. நகரத்தை வடிவமைத்த லெ கார்பூசியேவும் தலைமைப் பொறியாளர் பி.எல். வர்மாவும் சேர்ந்து செய்த வேலை. விசைப் படகு ஓடக் கூடாது, கரைமேல் வண்டி போகக் கூடாது என்று கார்பூசியே வற்புறுத்தினார். அவருடைய உறவினரும் சகாவுமான பியர் ஜான்னரேயின் அஸ்தி, அவர் விரும்பியபடியே இந்த நீரில்தான் கரைக்கப்பட்டது.

சத்தத்தை யோசித்தவர்கள் மண்ணை அவ்வளவாக யோசிக்கவில்லை போலும். எதிரே அழகாகத் தெரிகிற சிவாலிக் குன்றுகள் கெட்டிப் பாறை அல்ல. இறுகாத மண்ணும் சரளையும்தான். மரமும் புல்லும் போய்விட்டால் ஒவ்வொரு மழைக்கும் கரைந்து இறங்கும். 1970களின் நடுவில் ஏரியின் கொள்ளளவில் பாதிக்கு மேல் வண்டலுக்குப் போய்விட்டது. 1974இல் ஓடையையே வேறு பக்கம் திருப்பிவிட நேர்ந்தது. மண் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் புறப்பட்ட மண்வள ஆராய்ச்சியாளர் பி.ஆர். மிஸ்ரா, மலையடிவாரத்தில் சுகோமஜ்ரி என்ற சிற்றூரில் போய் நின்றார். சரிவுகளை மொட்டையடித்தவை அந்த ஊர் ஆடுகள்.

ஆட்டை ஓட்டாதே என்று சொல்வது சுலபம். பட்டணத்தார் படகு விடுவதற்காக ஓர் ஊர் ஏன் தன் பிழைப்பை விட வேண்டும்? இதற்குப் பதில் இல்லாமல் நட்ட கன்றுகளையெல்லாம் ஆடுகள் தின்றுவிட்டுப் போயிருக்கும். 1976லிருந்து அங்கே சிறு அணைகள் கட்டினார்கள். மண்ணைத் தடுக்கக் கட்டிய அணையில் தேங்கிய தண்ணீர் வாடிய பயிரைக் காப்பாற்றியது. ஊரார் பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். நிலம் உள்ளவன், இல்லாதவன் எல்லோர் வீட்டுக்கும் தண்ணீரில் சம பங்கு. வேண்டாதவர் தம் பங்கை விற்கலாம். பதிலுக்கு, மலையில் மேய்ச்சல் கிடையாது. முள்வேலியும் காவல்காரனும் இல்லாமல் சரிவில் புல் எழுந்தது. ஆடு குறைந்து எருமை பெருகியது. ஏரிக்கு வரும் மண்ணும் குறைந்தது.

இந்தக் கதையில் என்னைக் கவர்ந்தது அந்தச் சம பங்குதான். நிலமில்லாதவனுக்கு ஆட்டை விட்டால் வேறு என்ன இருக்கிறது? அவனை விட்டுவிட்டுப் போட்ட திட்டம் ஒரு கோடைகூடத் தாங்கியிருக்காது.

அதோடு சுக்னாவின் கஷ்டம் தீர்ந்ததா என்றால் இல்லை. மேலே கட்டிய தடுப்பணைகள் மண்ணோடு தண்ணீரையும் நிறுத்திவிடுகின்றன என்று பின்னால் புகார் எழுந்தது. மழை பொய்த்த வருடங்களில் குழாய்க் கிணற்று நீரை ஏரிக்கு விட்டார்கள். 2023 ஜூலையிலோ வெள்ளம் தாங்காமல் மதகுகளைத் திறந்தார்கள். இடையில் 2020இல் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் சுக்னாவை உயிருள்ள நபராக அறிவித்து, நகரவாசிகள் எல்லோரையும் அதற்குப் பெற்றோர் ஸ்தானத்தில் வைத்தது.

நண்பரிடம் சொன்னேன். "எனக்கு மாற்றல் வந்தால் குழந்தையை யாரிடம் ஒப்படைப்பது?" என்று சிரித்தார். சுகோமஜ்ரி என்ற பெயரை அவர் இந்த ஏழு வருடத்தில் கேட்டதே இல்லை.

அரை மணி முடிந்ததென்று கரையிலிருந்து விசில் ஊதினார்கள். படகைத் திருப்பும்போது சிறுமி கேட்டாள்: "அந்த ஆடெல்லாம் எங்க போச்சு?"

"வித்திருப்பாங்க."

"அந்த ஊர்க்காரங்க இந்தப் படகுல ஏறியிருக்காங்களா, மாமா?"

நண்பர் வேகமாக மிதிக்க ஆரம்பித்தார். தாமதமானால் இன்னொரு அரை மணிக்குக் கட்டணம் கேட்பார்களாம்.