தோலை அளக்கும் கோல்

நரை, திரை, மூப்பு என மூன்றையும் அடுக்கிச் சொல்லுதல் நம் முன்னோர் வழக்கு. இவற்றுள் நரை கண்ணுக்குப் புலனாவது. மூப்பு ஆண்டுக் கணக்கால் அறியப்படுவது. இடைநின்ற திரையோ, இவ்வளவினது என்று எவராலும் எளிதில் அளந்து கூறப்படாமல் நெடுநாள் இருந்தது. கடலலைக்கும் தோலின் சுருக்கத்திற்கும் தமிழில் ஒரே சொல் அமைந்திருத்தலைக் கரையோரத்து வாழும் எம்போலியர் பன்முறை எண்ணி வியந்ததுண்டு. அத்திரையைத் தோலைக் கீறாமலும் ஒரு துளிக் குருதி சிந்தாமலும் அளக்கும் கருவிகள் இந்நாளில் வந்துவிட்டன. அவை எந்தக் கோலைக் கொண்டு, யாருடைய நன்மையின் பொருட்டு அளக்கின்றன என்பதே ஈண்டு யான் ஆராயப் புகுந்தது.

வெயில் தோலுக்கு இழைத்த கேட்டை ஐயமற அறிய வேண்டின், மருத்துவர் தோலிற் சிறு துண்டைக் கொய்தெடுத்து உருப்பெருக்கியின் கீழ் வைத்து நோக்குவர். அவ்வருத்தம் இனிப் பெரும்பாலும் வேண்டுவதில்லை. ஒரு கருவி 2 மில்லிமீட்டர் அகலமுள்ள துளை வழியே தோலை மெல்ல உறிஞ்சி இழுத்து விடுகின்றது. இளந்தோல் விட்டவுடன் தன்னிடத்திற்கு மீளும், தளர்ந்த தோல் தயங்கித் தயங்கி மீளும், அத்தயக்கமே அளவு. மற்றொன்று செவிக்கெட்டாத ஒலியை, விநாடிக்கு 2 கோடி அதிர்வாக, தோலினுட் செலுத்தி எதிரொலியை வாங்குகின்றது. காசிமேட்டு விசைப்படகுகளில் மீன்கூட்டத்தைக் காட்டும் எதிரொலிக் கருவியைக் கண்டவர்க்கு இஃது எளிதில் விளங்கும். வெயிலால் நைந்த தோலில், மேற்றோலின் அடியே எதிரொலி குன்றிய கரிய பட்டையொன்று தோன்றும். கேடு மிகுந்தோறும் அப்பட்டை தடிக்கும்.

அங்கே சிதைவது கொலாஜன் என்னும் புரதம். மூன்று இழை முறுக்கிய கயிறு போன்ற அதன் அமைப்பை 1954, 1955 ஆம் ஆண்டுகளில் உலகிற்கு விளக்கினோர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆவர். சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற சி. வி. இராமன் 1928 இல் கண்ட ஒளிச்சிதறலோ, தோலின் எவ்வாழத்தில் எவ்வளவு நீர் உளது என்பதைத் துளையாமலே காட்டும் முறையாக இன்று பயன்படுகின்றது. ஆகவே இத்துறையை மேனாட்டார் பொருளென்று நாம் ஒதுங்கி நிற்றற்குக் காரணம் இல்லை.

கருவிகளுள் எளியதொன்றே என் உள்ளத்தைக் கவர்ந்தது. ஆஸ்திரேலியாவில் நம்பூர் என்றோர் ஊர் உண்டு. (பெயரைக் கண்டு நம்மூர் என மயங்கற்க.) அங்கே 1992 முதல் 1996 வரை நிகழ்ந்த ஆராய்ச்சியில், 55 வயதிற்கு உட்பட்ட 903 பேருடைய புறங்கையில் சிலிகோன் பசையைப் பூசி அச்செடுத்தனர். பல் மருத்துவர் பல்லுக்கு அச்செடுப்பது போன்ற செயலே அது. நாள்தோறும் வெயில் தடுக்கும் களிம்பைத் தவறாது பூசியோர் கையில், நாலரை ஆண்டில், தோலின் முதிர்வு ஏனையோரினும் நூற்றுக்கு 24 பங்கு குறைவாயிருந்தது என்று 2013 இல் வெளியிட்டனர். பொன்விலைக் கருவி ஏதுமின்றி, ஒரு கைப்பிடிப் பசை இத்துணை உண்மையைச் சொல்லிற்று!

நிற்க. அளவு ஒன்று, அளவுகோல் வேறொன்று. அமெரிக்க மருத்துவர் பிட்ஸ்பேட்ரிக் என்பார் 1975 இல், புறவூதாக் கதிரால் சிகிச்சை பெறுவோர்க்குக் கதிரின் அளவை வரையறுத்தற் பொருட்டுத் தோலை வகைப்படுத்தினார். வெயிலில் நின்றால் தோல் கன்றிச் சிவக்குமா, கருக்குமா என்பதே அவர் வினா. அவ்வகை நான்கும் வெள்ளையர்க்குரியன. பழுப்பு நிறத்தார்க்கும் கருநிறத்தார்க்கும் ஐந்தாவதும் ஆறாவதும் பின்னரே சேர்க்கப்பட்டன. ஒரு சாராரின் தோலுக்கு நான்கு படிகள். எஞ்சிய உலகினர்க்கெல்லாம் இரண்டு! அதே 1975 இல்தான் நம் நாட்டில் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்னும் வெண்மைக் களிம்பு விற்பனைக்கு வந்தது. 2020 இல் அது பெயரை மட்டும் மாற்றிக்கொண்டது.

கோல் பிழைத்தால் நேரும் தீங்கை நாம் அண்மையில் அறிந்தோம். கொரோனாக் காலத்தில் வீடுதோறும் விரலில் மாட்டிப் பார்த்த பிராணவாயுக் கருவி, கருநிறத்தாரின் குருதியில் பிராணவாயு குறைந்திருப்பதை வெள்ளையரினும் ஏறக்குறைய மும்மடங்கு மிகுதியாகக் காணத் தவறுகின்றது என்று 2020 இல் அமெரிக்க மருத்துவர் காட்டினர். தோலின் கருமையை ஒளி கடந்து செல்லும் திறத்தைச் சரிவரக் கணியாமையே குற்றம். தோலையே ஒளியால் அளக்கும் கருவிகளுக்கு இவ்வெச்சரிக்கை பின்னும் பொருந்தும் அன்றோ?

நம் தோல் வெயிலைத் தாங்கும் வகையும் வேறு. புறவூதாக் கதிரின் ஒரு பகுதி வெள்ளையரின் மேற்றோலை நூற்றுக்கு 24 பங்கும், கருநிறத்தாரின் மேற்றோலை 7 பங்கு அளவிலுமே ஊடுருவுகின்றது என 1979 இல் அளந்தனர். வெயிலின் கேடு வெள்ளையரிடம் சுருக்கமாக முந்தித் தோன்ற, நம்மவரிடமோ நிறத்திட்டுகளாகவே முந்தித் தோன்றும். சுருக்கத்தை மட்டும் எண்ணும் கருவி நம்மை நோக்கி, "கேடில்லை" என்று சொல்லிவிடும். நகரத்து அங்காடிகளில், முகத்தைப் படம் பிடித்து, "உம் தோலுக்கு வயது இவ்வளவு" என்று கூறும் பெட்டிகளை யான் கண்டிருக்கிறேன். எவர் தோலை நடுவாக வைத்து அவ்வயது கணிக்கப்பட்டது என்று வினவினால் விற்பவர்க்கு விடை தெரியாது. எந்தக் களிம்பு வாங்க வேண்டும் என்பது மட்டும் நன்கு தெரியும்.

சங்கப் புலவர் மகளிரின் மாமை நிறத்தை அழகென்றே கொண்டனர். அந்நிறம் கெட்டுப் பசலை பாய்தலையே நோயென்றனர். வளை நெகிழ்தலைக் கொண்டு உடல் மெலிவை அறிந்ததும் ஒருவகை அளவையே. தலைவியின் வளைக்கு வேறொருத்தியின் கை அளவுகோலன்று. அவள் கையே அவளுக்கு அளவு.

இக்கருத்தே எனக்கு வழிகாட்டுகின்றது. மேற்கையின் உட்புறம் வாழ்நாள் முழுதும் பெரும்பாலும் வெயிலைக் காண்பதில்லை. தோல் மருத்துவர் அதனை ஒப்புநோக்கற்குக் கொள்வதும் உண்டு. மணலிக்கும் எண்ணூர்க் கழிக்கும் இடையே கிடக்கும் சடையங்குப்பத்தின் பக்கத்தில், இடுப்பளவு நீரில் நின்று கையால் தடவி இறால் பிடிப்பவரை எண்ணுக. மேலிருந்தும் வெயில், நீரிற் பட்டு மீண்டும் வெயில். அவர் புறங்கையை அவருடைய மேற்கையின் உட்புறத்தோடு ஒப்பிட்டால், பிறப்பால் வந்த நிறமும் ஆண்டால் வந்த மூப்பும் பெரிதும் கழிந்து, தொழிலால் வந்த கேடு எஞ்சும். அயல்நாட்டுக் கோல் வேண்டா.

வெயில் மட்டுமோ? 2023 டிசம்பர்ப் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழியில் எண்ணெய் படர்ந்தபொழுது மீனவர் தாமே வாளிகளால் அதனை அள்ளினர். அத்தகையோர்க்குத் தோல்வழிக் கசியும் நீராவியை அளக்கும் கருவியையும் சேர்த்தல் வேண்டும். தோலின் காப்புத்திறன் குலைந்ததை அது காட்டும்.

கருந்தோலினர்க்கு வெயிலால் தோற்புற்று வருதல் அரிது. பின் இவ்வளவைகள் எற்றுக்கு என்பார் உளர். புற்று அரிதென்பது மெய்யே. அச்சுறுத்தல் என் கருத்தன்று. ஆயினும் புற்றொன்றே கேடென்பதும் வெள்ளைத் தோலுக்கு வகுத்த கோலே. ஜெர்மனி நாட்டினர் 2015 முதல் வெயிலால் வரும் தோற்புற்றில் ஒருவகையைத் தொழில்நோயாக ஏற்றனர். நம் நாட்டுத் தொழிலாளர் இழப்பீட்டிற்கான 1923 ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையிலோ, தாரும் கனிம எண்ணெயும் விளைக்கும் தோற்புற்று இடம் பெற்றது. வெயில் இடம் பெறவில்லை. அளந்து காட்டாததை எந்த அட்டவணையிற் சேர்ப்பர்?

ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி இராயபுரத்தை ஒட்டியே உளது. நம் கல்லூரிப் பௌதிக மாணவரும் உயிரியல் மாணவரும் அங்குள்ள தோல் மருத்துவரை அணுகி, பசையச்சு முறையில் தொடங்கலாம். மீனவர், துறைமுகத்துச் சுமையாளர், சாலையிற் கல் பரப்பும் பெண்டிர் ஆகியோரின் புறங்கை அச்சொன்று, மேற்கை அச்சொன்று. அச்சோடு, நாளொன்றுக்கு எத்தனை நாழிகை வெயிலில் நின்றார், நிழல் இருந்ததா என்ற இரு வினாக்கள். முடிவு எதுவாயினும் அச்சுக் கொடுத்தவர்க்கே, அவர் வீட்டுத் திண்ணையில், அவர் மொழியில் முதலிற் சொல்லப்படுதல் வேண்டும். சொல்லும் பணிக்குத் தமிழ் ஆனர்ஸ் வகுப்பிலிருந்து சிலர் வருவோம்.