கருவி போதாது, காதச்சும் வேண்டும்

செவிப்புலன் குன்றியவர்க்கு ஒரு கருவியை வாங்கிக் கொடுத்துவிட்டால் நம் கடமை முடிந்தது என்று எண்ணும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. பெற்றோர் கடன்பட்டு வாங்குகின்றனர். சங்கங்கள் விழா எடுத்து வழங்குகின்றன. ஆயின், அக்கருவியைக் காதோடு பொருத்தும் அச்சினைப் பற்றிப் பேசுவார் அரியர். கடுமையான குறைபாடு உடையார்க்குக் கருவி பயன்படுவதும், பெட்டிக்குள் உறங்குவதும் பெரும்பாலும் அச்சிறு பொருளையே பொறுத்தன என்பது என் துணிபு. மாணாக்கரை நாள்தோறும் காணும் ஆசிரியர் இதனை அறிந்திருத்தல் நன்று.

காதின் பின்புறத்தே தங்கும் கருவி பெருக்கிய ஒலி, மெல்லிய குழாய் வழியே வந்து, செவித்துளையுட் செருகிய அச்சினூடாக உட்புகுகின்றது. வைத்தியசாலையில் இதனை 'இயர்மோல்ட்' என்பர். யாம் காதச்சு என்போம். குறைபாடு சிறிதாயின், ஆயத்தமாகக் கிடைக்கும் மென்குமிழே பலர்க்குப் போதியது. கடுமையாயின் நிலை வேறு. 65 டெசிபெல் தொடங்கி 80 டெசிபெலுக்கு உட்பட்ட இழப்பைக் கடுமையானது என உலக சுகாதார நிறுவனம் தனது 2021ஆம் ஆண்டு அறிக்கையில் வகுத்துள்ளது. இத்தகையோர்க்கு ஒலியை மிகுதியும் பெருக்க வேண்டியிருத்தலின், காதிற்கும் அச்சிற்கும் இடையே சிறிது வெளி இருப்பினும் ஒலி கசியும். கசிந்த ஒலி கருவியின் ஒலிவாங்கியை மீண்டும் அடைந்து, மீண்டும் பெருகிக் கூவத் தொடங்கும். இக்காலக் கருவிகள் அக்கூவலைத் தாமே ஓரளவு அடக்குமெனினும், அதற்கும் எல்லையுண்டு. ஆதலின், அவரவர் காதிற்கென வார்த்த அச்சே இவர்க்குப் பெரிதும் ஏற்றது.

இறுக்கம் வேண்டுமாயின் நோவைப் பொறுக்கத்தானே வேண்டும் என்று சிலர் கூறுவர். இக்கூற்றினை நான் மறுக்கிறேன். நன்கு பொருந்திய அச்சு காதை அடைக்கும், ஆனால் அழுத்தாது. நோவு தரும் அச்சினை எவரும் நெடுநேரம் அணியார். கூவும் அச்சினை அணிபவரோ, அயலார் திரும்பிப் பார்ப்பதற்கு நாணி ஒலியைக் குறைத்துவிடுவர். அங்ஙனம் குறைக்குமிடத்து முதலில் இழக்கப்படுவன மெல்லிய மெய்யொலிகளே. காது, காசு, காடு என்னும் மூன்று சொற்களையும் நோக்குக. உயிரொலிகள் ஒன்றே, இடையில் நிற்கும் வல்லினமே பொருளை வேறாக்குகின்றது. அவ்வேறுபாட்டினைக் காட்டும் நுண்ணொலி செவியை எட்டாதபோது மாணவனுக்குச் சத்தம் கேட்கும், சொல் கேளாது. மூன்றாம் பாடவேளையில் கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் இடும் பிள்ளையைச் சோம்பேறி என்று கடியுமுன், அவன் காதின் மடலும் துளைவாயிலும் சிவந்துள்ளனவா என்று பார்த்தல் வேண்டும்.

நல்ல அச்சு அளவெடுப்பிலே தொடங்குகின்றது. முதலிற் குறும்பி உளதா எனக் காதைச் சோதித்து, செவிப்பறையைக் காக்கும்பொருட்டுப் பஞ்சு அல்லது நுரைத்தடை ஒன்றினை உள்ளே வைத்து, அதன்மேற் குழைந்த பசையினைச் செலுத்துவர். வாய் அசையும்போது செவித்துளையின் வடிவமும் மாறும். வாயை மூடி வாளாவிருந்தே அளவு கொடுத்தவரின் அச்சு, சோறு மெல்லும்போதோ பேசும்போதோ இடம் நெகிழ்ந்து கூவக்கூடும். எனவே, வாயைத் திறந்தோ அசைத்தோ அளவெடுக்க வேண்டுமா என்று வல்லுநரைக் கேட்டறிதல் நம் உரிமை.

அடுத்தது பொருள். அக்கிரிலிக்கு வன்மையானது, நெடுநாள் உழைக்கும், செருகுவதும் துடைப்பதும் எளிது, உறுத்துமிடத்தைத் தேய்த்து மெருகிடலாம். விரல் நடுங்கும் முதியோர்க்கு இது வாய்ப்பானது. சிலிக்கோன் மென்மையானது, தாடையின் அசைவோடு இசைந்து ஒலியை நன்கு அடைக்கும், ஓடியாடும் சிறுவர்க்கு அடிபட்டாலும் ஊறு குறைவு. ஆயின், அதனைத் தேய்த்துத் திருத்துதல் கடினம். விரைவிற் பழுதுபடவும் கூடும். மென்மையானதே சுகமானது என்று விதி செய்தல் பொருந்தாது. காதும் கையும் தொழிலும் நோக்கியே தெரிதல் வேண்டும்.

காது முழுதும் அடைபட்டபோது தன் குரலே குடத்துட் பேசினாற்போல் முழங்கும். அதனைத் தணிக்க அச்சிற் சிறு காற்றுத்துளை இடுவர். கடுமையான குறைபாட்டிலோ பெருந்துளை கூவலை வரவழைக்கும். ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் அளவான நுண்துளையே இடவியலும், அதுவும் எல்லார்க்கும் ஒவ்வாது. இம்முழக்கம் பலர்க்கு நாட்செல்லப் பழகிவிடும். ஆனால் நோவு பழக வேண்டியதன்று. வியர்வையும் ஈரப்பதனும் மிக்க நம் நாட்டிற் குழாயினுள் நீர் திரண்டு ஒலியைத் தடுப்பதும் உண்டு. குழாய் இறுகி மஞ்சளித்துவிட்டால் அதனைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றுதல் வேண்டும்.

அச்சினைப் பெறும் நாளில் அங்கேயே அணிந்து, மென்று, கொட்டாவி விட்டு, தலையைத் திருப்பிப் பார்க்க. உறுத்துமிடத்தைச் சுட்டிக்காட்டித் திருத்துவிக்க. வீட்டில் அரத்தாலும் கத்தியாலும் தேய்ப்பது தகாது. தேய்ந்த இடம் ஒலிக்கு வாயிலாகும். புண்ணோ சீழோ கண்டால் கழற்றிவிட்டு வைத்தியரை நாடுக. குழந்தையின் காது வளருந்தோறும் அச்சும் புதிதாக வேண்டும்; கைக்குழந்தைகட்கு அது சில மாதங்களுக்கொருமுறையும் நேரும். உடல் மெலிந்த முதியோர்க்கும் பழைய அச்சுத் தளரக்கூடும்.

காதணி செய்விக்கும்போது தட்டானிடம் மும்முறை சென்று, திருகு உறுத்துகிறது, தோடு சரிகிறது என்று குறைகூறித் திருத்தும் நம்மவர், காதச்சினை மட்டும் கொடுத்தவாறே வாங்கி வருவது ஏனோ? திரும்பச் சென்று கேட்டால் வல்லுநர் வெகுள்வார் என்னும் அச்சம் ஒன்று. இலவசமாகப் பெற்றதற்குக் குறை சொல்லலாகாது என்னும் கூச்சம் மற்றொன்று. இரண்டும் ஒழிதல் வேண்டும். கருவி வழங்கும் சங்கத்தார்க்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. பத்துக் கருவி வழங்கப் பணம் இருப்பின் எட்டினை வழங்குக. எஞ்சிய பணத்தை அவ்வெண்மரின் அச்சுக்கும், திருத்தத்திற்கும், மறு ஆண்டின் புதிய அச்சுக்கும் ஒதுக்குக. மேடையிற் காட்டும் தொகை குறையும். வகுப்பறையிற் கேட்கும் பிள்ளைகளின் தொகை கூடும்.