'மக்கும்' என்று அச்சடித்தால் போதுமா?

30 ஆண்டுகளாக என்னிடம் சரக்கு எடுக்கும் மளிகைக் கடைக்காரர் ஒருவர், சில மாதங்களுக்கு முன் ஒரு சலவைத்தூள் பையோடு வந்தார். "அண்ணாச்சி, இதில் 100 சதவீதம் தண்ணீரில் மக்கும் என்று போட்டிருக்கிறது. கடைக்கு வரும் டீச்சரம்மா எப்படி மக்கும் என்று கேட்கிறார். நான் என்ன சொல்ல?" என்றார். சரக்கைக் கொடுத்தவன் நான். எனக்கும் பதில் தெரியவில்லை. கிடங்கில் இன்னும் 40 மூட்டை கிடந்தது.

கம்பெனியிடம் சான்று கேட்டேன். பத்து நாள் இழுத்தடித்து ஒரு தாளை அனுப்பினார்கள். ரசாயனம் படித்த என் தம்பி மகன்தான் அதைப் படித்து விளக்கினான்.

ஓ.இ.சி.டி. 301 என்று ஒரு சோதனை வரிசை இருக்கிறது. பொருளைத் தண்ணீரில் கலந்து, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்து நுண்ணுயிர்களைச் சிறிதளவு விட்டு, 28 நாள் வைப்பார்களாம். அவற்றுக்கு வேறு தீனி கிடையாது. எவ்வளவு ஆக்சிஜனைச் செலவழித்தன, அல்லது எவ்வளவு கரியமில வாயுவை விட்டன என்று அளப்பார்கள். முழுவதும் தின்று தீர்த்தால் வரவேண்டியதில் 60 சதவீதமாவது வரவேண்டும். அதுவும் 10 சதவீதத்தைத் தொட்டதிலிருந்து பத்து நாளுக்குள். (நம் கடன் பாக்கிக்கும் இப்படி ஒரு கெடு இருந்தால் தேவலை!)

கம்பெனி அனுப்பிய தாளில் இருந்தது நுரை தரும் ஒரே ஒரு சரக்கின் சோதனை. அது தேறியிருந்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தூளில் சோடாவும் உப்பும் சேர்ந்திருக்கின்றனவே! அவை நுண்ணுயிர் தின்று தீர்க்கும் பண்டமே அல்ல. இந்தச் சோதனைக்கே வராதவை. பிறகு 100 சதவீதம் எங்கிருந்து வந்தது?

சோதனையை நான் குறை சொல்லவில்லை. மக்காத சலவைப் பொருளால் மேலைநாட்டு ஆறுகள் நுரை பொங்கிக் கிடந்த காலம் உண்டு. ஜெர்மனி 1961இல் சட்டம் போட்டது. 1960களில் கம்பெனிகள் மூலப்பொருளையே மாற்றின. நம் நாட்டிலும் 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இத்தகைய வாசகங்களுக்கு ஆதாரம் வேண்டும் என்று நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. ஆனால் கல்லாவில் உட்கார்ந்திருப்பவரிடம்தானே வாடிக்கையாளர் கேட்கிறார்? எந்தச் சரக்குக்கு, எந்தச் சோதனை, எத்தனை சதவீதம் என்று பையிலேயே அச்சடிக்கும்படி நம் சங்கம் கம்பெனிகளுக்கு எழுத வேண்டும்.

40 மூட்டையையும் திருப்பி அனுப்பிவிட்டேன். வண்டி வாடகை என் தலையில். அந்த ஒரு பையை மட்டும் வைத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவருகிறேன்.